காங்கோ முகத்துவாரத்தில் கல் நடுகிறார்கள்: ஒரு குவாஷ் ஓவியத்தின் வேலைப் பதிவு

சிறுவர்களுக்கான வரலாற்றுப் புத்தகம் ஒன்றுக்கு, இரண்டு பக்கத்தையும் நிறைக்கிற ஒரு படம் கேட்டார்கள். கொடுத்தது தலைப்பு மட்டும்தான்: ஆப்பிரிக்காவில் முதல் ஐரோப்பியக் கடலோடிகள். எந்த ஆண்டு, எந்தக் கரை, யார் என்பதெல்லாம் என் விருப்பம். கணினியில் வரைந்தால் சீக்கிரம் முடியும். ஆனால் இந்த மாதிரி ஒரு படத்தைக் கையால், தாளில், குவாஷில் வரைய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. குவாஷ் தண்ணீரில் கரையும் நிறம்தான், ஆனால் வாட்டர்கலர் போல ஊடுருவித் தெரியாது, அடியில் இருப்பதை மறைக்கும். பள்ளியில் நாம் பயன்படுத்திய போஸ்டர் கலரின் உயர்ந்த ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் வந்த வரலாற்றுப் படங்களில் பெரும்பகுதி இதில்தான் வரையப்பட்டது.

முதலில் காட்சி. 1871-ல் உஜிஜியில் ஸ்டான்லியும் லிவிங்ஸ்டனும் சந்தித்ததை உலகமே வரைந்து தள்ளிவிட்டது. 1498-ல் வாஸ்கோ ட காமா மலிந்தியில் நின்றது கள்ளிக்கோட்டைக் கதையோடு வேறு அத்தியாயத்தில் வருகிறது. அதனால் அதற்கும் முன்னால் போனேன். போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஜொவாவ் அனுப்பிய டியோகோ காவ், 1482-ல் கிளம்பி மேற்குக் கரையை ஒட்டியே தெற்கே இறங்கி, காங்கோ ஆறு கடலில் விழும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். தென்கரையில், இன்றைய அங்கோலாவுக்குள் வரும் மணல்முனையில், ஊரிலிருந்து கப்பலில் ஏற்றிவந்த சுண்ணாம்புக்கல் தூண் ஒன்றை நட்டார். பத்ராவ் என்று பெயர். மேலே கனசதுரமாக ஒரு தலை, அதில் அரச சின்னமும் எழுத்தும், அதற்கும் மேல் ஒரு சிலுவை. அவருக்கு முன் வந்தவர்கள் மரச் சிலுவையைத்தான் நட்டுவிட்டுப் போனார்கள். கல்லைச் சுமந்துவரும் வழக்கம் இவரோடு ஆரம்பித்தது.

எனக்குப் பிடித்ததே அந்தக் கல்லின் கனம். கொடி நடுவது ஒரு நொடி வேலை. கல் நடுவதற்குக் குழி வேண்டும், கயிறு வேண்டும், பத்துப் பேர் வியர்வை சிந்த வேண்டும். வேலை செய்யும் மனிதர்களை வரைவது, போஸ் கொடுக்கும் மனிதர்களை வரைவதைவிட எப்போதுமே சுவாரசியம்.

இந்த வகைப் படங்களுக்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. வெள்ளைக்காரர் நடுவில், சின்ன மேட்டில், கையை நீட்டியபடி நிற்பார். வெயில் அவர் முகத்தில் விழும். பின்னால் கொடி. ஆப்பிரிக்கர்கள் கீழ் மூலையில் குந்தியிருப்பார்கள், அல்லது மரநிழலில் கண்ணும் மூக்கும் தெரியாத ஒரு கரும்பரப்பாக நிற்பார்கள். வரைந்தவர் யாரையும் தாழ்த்தி ஒரு வரி எழுதியிருக்க மாட்டார். கண்மட்டம், வெளிச்சம், கருமை ஆகிய மூன்றுமே அந்த வேலையைச் செய்துவிடும். எனவே இந்தப் படத்தில் நான் யோசிக்க வேண்டியதும் அந்த மூன்றைத்தான். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று ஓவியத்தில் எழுதி ஒட்ட முடியாது. யாருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்கலாம்.

கண்மட்டம்

மட்டமான மணலில் நின்று பார்த்தால், ஏறக்குறைய நம் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் தொடுவானக் கோட்டிலேயே விழும். பக்கத்தில் நிற்பவருக்குக் கால் கீழே நீண்டு இறங்கும். தூரத்தில் நிற்பவர் குட்டியாகத் தெரிவார். ஆனால் தலை மட்டும் அதே கோட்டில். மெரினாவில் போய் நின்று பார்த்தால் உடனே புரியும். பார்ப்பவரின் கண்ணை இடுப்பு உயரத்துக்கு இறக்கினால், முன்னால் நிற்பவர் மலையாக உயர்ந்துவிடுவார். ஒருவரை மட்டும் மேட்டில் ஏற்றினால் மற்றவர்கள் தானாகக் கீழே போய்விடுவார்கள். பழைய படங்களின் மேடு அங்கே எதற்கு வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

நான் பார்ப்பவரை சோயோ மக்களோடு நிற்க வைத்தேன். முகத்துவாரத்தின் தென்கரை காங்கோ அரசின் சோயோ பகுதி. மரங்களின் ஓரத்திலிருந்து, கடலும் ஆறும் சேரும் வடமேற்குத் திசையைப் பார்க்கிறோம். வலப்பக்கம், நமக்குப் பக்கத்தில் அவர்கள். இடப்பக்கம், கொஞ்சம் தள்ளி, கயிறு இழுக்கும் மாலுமிகள். அவர்களுக்குப் பின்னால் நங்கூரமிட்ட கப்பல். நிற்கிற எல்லோருடைய கண்ணும் ஒரே கோட்டில். தலையெல்லாம் ஒரே வரியில் வந்தால் படம் தட்டையாகிவிடும் என்பதால் ஒருவரைப் பாயில் உட்கார வைத்தேன், ஒரு பையனைச் சேர்த்தேன், மாலுமிகளைக் கயிற்றோடு சாய்த்தேன். மீதி வேலையைச் சாய்ந்து நிற்கும் தூண் பார்த்துக்கொண்டது. ஆமாம், தூணை நட்டு முடித்த மாதிரி வரையவில்லை. பாதி எழும்பி, சரிவாகத் தொங்குகிறது. சிலுவையைத் தனித் துண்டாக மணலில் கிடத்திவிட்டேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜொவாவ் டி பாரோஸ் 1552-ல் வெளியிட்ட வரலாற்றின்படி, முதலில் கல் நட்டார்கள், அப்புறம் ஆற்றுக்குள் போய் மக்களைப் பார்த்தார்கள். நான் இரண்டையும் ஒரே காலையில் சேர்த்துவிட்டேன். ஓவியனுக்கு இவ்வளவு சலுகை உண்டு என்பது என் கட்சி. ஆனால் அதைப் புத்தகத்தில் படத்தின் கீழே ஒரு வரியில் சொல்லிவிடச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

பாரோஸ் சொல்லும் இன்னொரு தகவல்தான் படத்துக்கு உயிர் கொடுத்தது. மேற்குக் கரையின் வடபகுதியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்களைக் கப்பலில் கூட்டிவந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இங்கே பேசுகிற மொழி புரியவில்லை. அப்படிப்பட்ட ஒருவரைப் படத்தில் நான் விடவே இல்லை. போர்த்துக்கீசியச் சட்டை போட்ட ஆப்பிரிக்கர், இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், சோயோ மக்களைப் பார்த்தபடி இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். பக்கத்தின் நடு மடிப்பில் முகமோ கையோ விழக் கூடாது என்பது லேஅவுட் போடுபவர்களின் பால பாடம். அதனால் மடிப்பில் வெறும் மணலை விட்டேன். அவர் அதற்குச் சற்று இடப்பக்கம். இரண்டு கூட்டத்துக்கும் உள்ள இடைவெளி அச்சிலும் அப்படியே விழுகிறது.

டியோகோ காவ் எங்கே என்று பதிப்பாசிரியர் கேட்டார். அவர் காலத்தில் வரைந்த உருவப்படம் எதுவும் இல்லை என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. குழிக்குப் பக்கத்தில் குனிந்து ஆழம் பார்க்கிறவர்தான் அவர் என்றேன். "கண்டுபிடிக்கவே முடியாதே" என்றார். பெல்ட்டில் வாள் இருக்கிறது, பாருங்கள் என்றேன்.

எதை வரையக் கூடாது

தகவல் சேர்க்கும்போது, எதை வரைவது என்பதைவிட எதைத் தவிர்ப்பது என்ற பட்டியல்தான் நீளமாகப் போனது. முதல் இடம் தென்னை மரத்துக்கு. கடற்கரை என்றால் நம் கை தானாகத் தென்னையைப் போட்டுவிடும். ஆனால் ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் அப்போது தென்னையே கிடையாது. இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுபோன பிறகுதான் அங்கே வந்தது, அதாவது வாஸ்கோ ட காமாவின் பயணத்துக்கு அப்புறம். தோட்டத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் கூடாது, இரண்டும் அமெரிக்கச் செடிகள், கொலம்பஸ் இன்னும் கிளம்பவே இல்லை. மிளகாயும் அன்னாசியும் அப்படித்தான். மிஞ்சியது செம்பனை, ராஃபியா பனை, வாழை, அப்புறம் நம்ம ஊர்ப் பனையின் ஆப்பிரிக்க உறவு. அந்தப் பனைக்கு நடுமரத்தில் ஒரு வீக்கம் இருக்கும், அதை மறக்காமல் போட்டால் ஊர்ப் பனையாகத் தெரியாது.

முகத்துவாரம் என்பதால் அலையாத்திக் காடு கட்டாயம். காங்கோ முகத்துவாரத்தில் ஓங்கி வளர்வது ரைசோஃபோரா இனம். பிச்சாவரத்தில் நாம் படகில் போய்ப் பார்க்கும் சுரபுன்னை அதே குடும்பம், அதே மாதிரி வளைந்து இறங்கும் முட்டு வேர்கள். அங்கே போய் வேர்களை மட்டும் பென்சிலில் வரைந்து வந்தேன். வேர் எங்கே கிளை பிரிகிறது, தண்ணீர் மட்டத்தில் சேறு எவ்வளவு உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் புகைப்படத்தில் பிடிபடாது. உயரத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும், காங்கோவில் இவை பெரிய மரங்கள்.

போர்த்துக்கீசியர்களின் உடைக்கு லிஸ்பன் தேசியப் பழங்கலை அருங்காட்சியகத்தில் உள்ள புனித வின்சென்ட் பலகைகள் போதும். நூனோ கொன்சால்வெஸ் வரைந்தவை என்று சொல்வார்கள், 1470 வாக்கில். ஆறு பலகையில் அறுபது பேர் அளவுக்கு நிற்கிறார்கள்: பிரபுக்கள், துறவிகள், படைவீரர்கள், வலையைப் போர்த்திய மீனவர்கள். இறகு வைத்த தொப்பி, கழுத்தைச் சுற்றி விசிறி மடிப்பு, இரண்டு பக்கமும் வளைந்து கூரான இரும்புத் தலைக்கவசம் எல்லாம் அடுத்த நூற்றாண்டுச் சரக்கு. 1480-களின் மாலுமிக்குக் கம்பளிக் குல்லாய், இடுப்புவரை சட்டை, காலோடு ஒட்டிய துணி. பாதிப் பேரை வெறுங்காலாக விட்டேன். ஆயுதம் வேண்டுமென்றால் குறுக்குவில். துப்பாக்கியைத் தொடவில்லை.

சோயோ மக்களின் உடை ராஃபியா துணி. ராஃபியாவின் நாரை முறுக்கி நூலாக்குவதில்லை, இலையின் இழையை அப்படியே தறியில் போடுகிறார்கள். அதனால் இலை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் துணி. பெரிய வேட்டி வேண்டுமென்றால் சதுரங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். இந்தத் தையல் கோடுகளைப் போட்டதும் துணி உடனே நிஜமாகிவிட்டது. காங்கோ பகுதியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போன துணிகள் கோபன்ஹேகனிலும் ஜெர்மனியின் உல்ம் நகரிலும் இன்றும் இருக்கின்றன. கட்டம் கட்டமாக, வெல்வெட் போல மயிரெழுந்த வேலைப்பாடு. உட்கார்ந்திருக்கும் மூத்தவருக்கு மட்டும் அந்த ரகம், தலையில் பின்னிய நார்க் குல்லாய். மற்றவர்களுக்குச் சாதாரணத் துணி. இரண்டு பேர் தோளில் சிவப்பு மரத்தூள் பூச்சு, இது அந்தப் பகுதியில் வழக்கம்.

தூணின் சின்னத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. போர்ச்சுகல் அரச சின்னத்தை 1485-ல் மன்னர் மாற்றினார். அதற்கு முன் நடுவிலுள்ள ஐந்து சின்னக் கேடயங்களில் பக்கவாட்டு இரண்டும் உள்நோக்கிப் படுத்திருக்கும், விளிம்பில் லில்லிப் பூ முனைகள் எட்டிப் பார்க்கும். மாற்றிய பிறகு கேடயங்கள் எல்லாம் நேராக நிற்கும், பூ முனை போய்விடும். இணையத்தில் தேடினால் கிடைப்பது முழுக்கப் புதியது. முதல் பயணத்துக்குப் பழையதுதான் வேண்டும். இதே பயணத்தில் இன்னும் தெற்கே சாந்தா மரியா முனையில் நட்ட கல் லிஸ்பன் புவியியல் கழகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தில் உலகம் தோன்றி 6681 ஆண்டு, கிறிஸ்து பிறந்து 1482 ஆண்டு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லின் படங்களை வைத்துத்தான் என் தூணின் உருவத்தை எடுத்தேன். ஒரு வித்தியாசம்: அங்கே இருப்பது நூற்றாண்டுகள் வெயிலும் உப்பும் தின்ற கல். என் படத்தில் அது புதிதாகச் செதுக்கியது, உளி பட்ட வெண்மை அப்படியே இருக்க வேண்டும்.

மொட்டைமாடி மாதிரி

தூணைத் தூக்கும் விதத்தை மனசுக்குள் வரைந்து பார்த்தால் நம்பும்படி வரவில்லை. அதனால் ஒரு மரத்தட்டில் ஆற்று மணல் பரப்பி, பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தூண், மூங்கில் குச்சி மூன்றைக் கட்டிய முக்காலி, சணல் கயிறு. ஆட்களுக்குக் கம்பியில் உருவம், மேலே களிமண். கப்பலில் பாய்மரக் கழிகளும் கப்பியும் இருக்கும், மாலுமிகளுக்கு முடிச்சு போடச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே மூன்று கழியைக் கட்டி நடுவில் கப்பி தொங்கவிட்டுத் தூக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

எங்கள் தெருவில் பந்தல் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தவர், மாதிரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, கொடிமரமா?"

"கல் தூண் அண்ணே. ஆளைவிடக் கொஞ்சம் உயரம்."

"அப்ப இப்படி நிக்காதே. நீ மேலே இழுக்க இழுக்க அடி வழுக்கிக்கிட்டுப் போயிடும். குழிக்கு அந்தப் பக்கம் ஒரு பலகையைச் செருகணும். அடி பலகையில முட்டிக்கிட்டுத்தான் உள்ளே இறங்கும். இல்லேன்னா மண்ணு சரிஞ்சு குழி மூடிடும், இது மணல் வேற."

"எத்தனை பேர் வேணும்?"

"இழுக்கிறவன் எத்தனை பேர் இருந்தாலும் சரி, எதிர்க்கயிறு பிடிக்க ரெண்டு பேர் கட்டாயம் வேணும். தலை கனமா இருக்கே, நேரா வந்ததும் அந்தப் பக்கம் சாஞ்சிடும்ல?"

பலகையும் எதிர்க்கயிறும் படத்தில் வந்தது அவர் சொன்னதால்தான். குழிக்குள் செருகிய பலகையை அழுத்திப் பிடித்தபடி ஒரு மாலுமி, கண்ணை இறுக மூடிக்கொண்டு. எதிர்ப்பக்கம் இரண்டு பேர் குதிகாலை மணலில் புதைத்துக்கொண்டு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறார்கள். கயிறு இழுக்கும் கைகளுக்கு அவருடைய ஆட்களையே புகைப்படம் எடுத்துக்கொண்டேன். இழுப்பவர்களின் விரலில் அல்ல, மணிக்கட்டுக்கு மேலே முன்கையில்தான் சதை திரள்கிறது. இதை நான் புத்தகத்திலிருந்து வரைந்திருந்தால் தப்பாகவே போயிருக்கும்.

வெளிச்சத்துக்கு மேஜை விளக்கு. இந்தத் தூணுக்குப் புனித ஜார்ஜின் பெயர் வைத்தார்கள். அவருடைய திருநாள் ஏப்ரல் 23. நாளின் புனிதர் பெயரை இடத்துக்கு வைப்பது அந்தக் கடலோடிகளின் வழக்கம் என்பதால் ஏப்ரல் கடைசி என்று வைத்துக்கொண்டேன். அப்படியென்றால் மழைக்காலம் முடியப்போகிறது, புல் பச்சை, வானத்தில் பெரிய மேகங்கள். இடம் பூமத்திய ரேகைக்கு 6 பாகை தெற்கே. காலை 8 மணிக்குச் சூரியன் கிழக்கில், சற்றே வடக்குச் சாய்ந்து, 30 பாகைக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கும். நிழல் பொருளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். விளக்கை அந்தக் கோணத்தில் வைத்தால், வெளிச்சம் பார்ப்பவரின் வலத்தோளுக்குப் பின்னாலிருந்து வருகிறது, நிழல்கள் இடப்பக்கம் தூரமாக ஓடுகின்றன. சரி, இதில் ஒரு சிக்கல். மரங்கள் நம் பக்கம் இருப்பதால் காலை நேரத்தில் முன்னால் நிற்பவர்கள் மரநிழலுக்குள் போய்விடுகிறார்கள். சின்ன ஓவியங்களாகப் போட்டுப் பார்த்தபோது சோயோ மக்கள் எல்லோரும் கரும்பரப்பாகிவிட்டார்கள், மணலும் போர்த்துக்கீசியரும் பளீரென்று. எதைத் தவிர்க்க வந்தேனோ அதுவே. எல்லோரையும் நாலு எட்டு முன்னால் நடத்தி வெயிலுக்குக் கொண்டுவந்தேன். முகம் தெரிய வேண்டும் என்பதற்காக அவர்கள் கடலைப் பார்ப்பதை நிறுத்தி, பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு பெண் மூத்தவரிடம் ஏதோ கேட்கிறாள், அவர் பதில் சொல்லாமல் தாடையைத் தடவுகிறார். விசித்திரமாக ஒன்று நடக்கும்போது ஊர்க்காரர்கள் செய்வது இதுதானே? வாயைப் பிளந்து வரிசையில் நிற்பதா?

தாளும் நிறமும்

அச்சில் விரித்த அளவு 42×28 செ.மீ. மூலத்தைக் கால் பங்கு பெரிதாக, 52.5×35-ல் வரைந்தேன். சுற்றிலும் வெட்டுக்காகக் கொஞ்சம் மிச்சம். தாள் 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ், முகங்கள் சிறியவை என்பதால் சொரசொரப்பு வேண்டாம். நனைத்து, பலகையில் கம் டேப் ஒட்டி இழுத்துக் காயவைத்தேன். குவாஷ் பல அடுக்குப் போகும் படத்தில் இதைச் செய்யாவிட்டால் தாள் அலை அலையாகிவிடும். கோட்டோவியத்தைப் பின்பக்கம் பென்சில் தேய்த்த டிரேசிங் தாளில் இறக்கினேன். கார்பன் வேண்டாம், மெழுகு நிறத்தை ஒட்டவிடாது.

குவாஷின் பெரிய தொல்லை, மேல் அடுக்கைப் போடும்போது கீழ் அடுக்கு கரைந்து கிளம்புவது. வானம், மணல், தூரத்து மரங்கள் போன்ற அகலப் பரப்புகளுக்கு அக்ரிலிக் குவாஷ் போட்டேன், காய்ந்தால் திரும்பக் கரையாது. அதன் மேல் சாதாரண குவாஷில் ஆட்கள். பிரஷ்ஷில் தண்ணீர் குறைவாக, ஒரே இழுப்பு, திரும்பத் தடவக் கூடாது.

ஆற்றுக்கு நிறம் பிடிப்பதில் நேரம் போனது. காங்கோவில் நொடிக்குச் சராசரி 41,000 கன மீட்டர் தண்ணீர் கடலுக்குள் பாய்கிறது. காட்டின் இலைச்சாறு கலந்து வருவதால் தண்ணீர் சேற்று மஞ்சளாக இல்லை, பில்டரில் இறங்கும் இரண்டாம் டிகாஷன் நிறம். அது கரையிலிருந்து வெகுதூரம் கடலுக்குள் நீண்டு, நீலத்தோடு கலக்காமல் ஒரு கோடு போட்டுக்கொண்டு நிற்கும். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் கொஞ்சம் ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பு, வானத்தைக் காட்டும் இடங்களில் மட்டும் வெள்ளை கலந்த நீலம். கப்பலுக்குப் பின்னால் அந்தக் கோட்டைப் போட்டேன். கப்பல் கேரவெல் என்ற சிறிய பாய்மர ரகம், தாரேறிய கருத்த உடல். நங்கூரமிட்டிருப்பதால் முக்கோணப் பாய்களைத் தாங்கும் சாய்ந்த கழிகள் இறக்கப்பட்டிருக்கின்றன. பாயில் பெரிய சிவப்புச் சிலுவை போடும் பிரச்சினையும் அதோடு போயிற்று.

இனி தோல். இந்தப் படத்தில் அதிக நேரம் உட்கார்ந்தது இதற்குத்தான். குவாஷ் காயும்போது ஏமாற்றும்: வெளிர் நிறங்கள் சற்றுக் கருக்கும், கருநிறங்கள் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். கருந்தோலுக்கு ஆழமான நிறம் கலந்து போட்டால், காய்ந்ததும் சாம்பல் பூசிய மாதிரி நிற்கும். கறுப்பு டியூபைப் பெட்டியில் மூடி வைத்துவிட்டேன். அடிநிறம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரீன் என்ற அடர்நீலமும். இரண்டின் அளவை மாற்றினாலே ஆளுக்கு ஆள் வேறு நிறம் வருகிறது, ஒருவர் செம்பு, ஒருவர் நீலங்கலந்த கருமை. வெளிச்சம் விழும் பக்கத்துக்கு வெள்ளையைச் சேர்க்கவே கூடாது, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளும் நேப்பிள்ஸ் யெல்லோ என்ற வெளிர் மஞ்சளும்தான். வெள்ளை சேர்கிற ஒரே இடம், வானத்தைப் பார்த்திருக்கும் தோள்பட்டையும் நெற்றி மேடும் கன்ன எலும்பும். அங்கே மெல்லிய நீலச் சாம்பல் ஒரு தீற்றல். தாடைக்குக் கீழே மணலிலிருந்து எழும் வெளிச்சம், ஓக்கரில் கொஞ்சம் ஆரஞ்சு. இந்த இரண்டும் விழுந்ததும் முகம் திரும்பிப் பார்க்கிறது. ஒவ்வொரு கலவையையும் அதே தாளின் துண்டில் தடவி, ஹேர் டிரையரில் காயவைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் படத்தில் தொட்டேன்.

மாலுமிகளின் முகத்துக்கும் வெள்ளை டியூப் அவ்வளவாகச் செலவாகவில்லை. மாதக்கணக்கில் கடல் வெயிலில் வந்தவர்கள் ரோஜா நிறத்தில் இருக்க முடியாது. மூக்கும் கழுத்தும் செங்கல், குல்லாய்க்குக் கீழே மட்டும் ஒரு வெளிறிய பட்டை.

அப்போதைக்கப்போது போனில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பார்ப்பேன். மிக வெளிச்சமான இடம் தூணாக இருப்பதைத் தவிர்க்க முடியாது, புதுச் சுண்ணாம்புக்கல் வெயிலில். அதனால் இரண்டாவது வெளிச்சத்தை மூத்தவரின் ராஃபியா மடியில் வைத்தேன். கண் தூணிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளரின் கைக்கு வந்து, மடிப்பைத் தாண்டி அந்த மடியில் வந்து உட்காருகிறது. கயிறுகளைக் கடைசியில், நீர்த்த நிறத்தை ரூலிங் பென் என்ற கோடு போடும் பேனாவில் ஊற்றி ஒரே இழுப்பில் போட்டேன். நீள முடி ரிகர் பிரஷ்ஷும் சரிதான், ஆனால் இழுவிசையில் விறைத்த கயிற்றுக்குப் பேனாவின் கோடுதான் விறைப்பாக வருகிறது. தளர்ந்த எதிர்க்கயிறுக்கு மட்டும் பிரஷ்.

அச்சுக்கு

ஏ3 ஸ்கேனரில் இரண்டு துண்டாக எடுத்து ஒட்டினேன். ப்ரூஃப் எனும் முதல் சோதனை அச்சில் எதிர்பார்த்தது நடந்தது: நான் பாடுபட்ட கருநிற முகங்களில் பாதி விவரம் மையில் மூழ்கியிருந்தது. பூச்சில்லாத தாளில் மை பரவும், கருமைக்குள் இருக்கும் படிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பழைய படங்களில் ஆப்பிரிக்கர்கள் கரும்பரப்பாகத் தெரிவதில் ஒரு பங்கு மட்டமான அச்சுக்கும் உண்டு என்று இப்போது தோன்றுகிறது, முழுப் பங்கும் அல்ல. ஃபைலில் கருநிறப் பகுதிகளை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி, மொத்த மை அளவைக் குறைத்து அனுப்பச் சொன்னேன். இரண்டாவது ப்ரூஃபில் மூத்தவர் தாடையைத் தடவுவது தெரிந்தது. அல்ட்ராமரீன் வழக்கம்போல ஊதாவுக்குச் சாய்ந்தது. வானம்தானே, விட்டுவிட்டேன்.

மூலத்துக்கு வார்னிஷ் போடவில்லை, போட்டால் குவாஷின் மாவுத்தன்மை போய் எல்லாம் இருண்டுவிடும். கண்ணாடியில் படாமல் இடைவெளி விட்டு மவுண்ட் செய்ய வேண்டும். அதுவரை கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு படுக்கையாக வைத்திருக்கிறேன். சென்னை ஈரப்பதத்தில் நிறத்தில் இருக்கும் கோந்துக்குப் பூஞ்சை வர அதிக நாள் ஆகாது.

அடுத்த அத்தியாயத்துக்கு டியோகோ காவின் இரண்டாம் பயணத்தைக் கேட்டிருக்கிறார்கள். 1486 தொடக்கத்தில், நமீபியாவின் கேப் கிராஸ் முனையில் அவர்கள் நட்ட தூண் மூன்றரை மீட்டர் உயரம், எடை ஒரு டன்னுக்கு மேல். 1893-ல் ஜெர்மன் கப்பல் ஒன்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது, பெர்லின் அருங்காட்சியகம் திருப்பித் தருவதாக 2019-ல் அறிவித்தது. அங்கே மரமே கிடையாது. பாலை மணல், குளிர்ந்த கடல், மூடுபனி, ஆயிரக்கணக்கில் கடல்நாய்கள். இந்த உயரத்துக்கும் எடைக்கும் முக்காலி தாங்குமா என்று பந்தல் அண்ணனிடம் கேட்டேன். "தாங்காது தம்பி, மணலைச் சரிவா மேடு கட்டித்தான் ஏத்தணும்" என்கிறார். மணல் தட்டை மறுபடியும் மாடிக்கு ஏற்றியாயிற்று.